மலையிலிருந்து கடலுக்கு: பொலன்னறுவை வழியாகத் திருகோணமலை – வாடகைக் காரில் நான்கு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. இரவு பத்து மணிக்கு வேன் கிளம்பும். உள்ளே இருக்க வேண்டியதைவிட ஐந்தாறு பேர் அதிகம் இருப்பார்கள். விடிவதற்குள் ஒரு கோயில், காலையில் ஒரு விகாரை, மதியம் ஒரு குளக்கட்டு, மாலையில் அரை மணி நேரம் கடல், பிறகு இரவோடு இரவாக வீடு. பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வேனில் பாடிய பாட்டைத்தான் சொல்வார்கள்.

இந்த வழிகாட்டி அதற்கு மாற்றான ஒரு பயணத்துக்கானது. ஒரு பழைய நகரம், ஒரு கடற்கரை, நான்கு நாட்கள், மூன்று இரவுகள். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், கம்பளைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது பொலன்னறுவையும் திருகோணமலையும். இந்த வழியில் நம் மொழியில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த எழுத்தை நம் பிள்ளைகள் தங்கள் கண்ணால் எழுத்துக்கூட்டிப் பார்க்க முடியும். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியாக வரும் வரலாறு அவர்களுடையதாக மாற அது போதும்.

படி 1: முதலில் மாதம், பிறகுதான் இடம்

நம் ஊர் மழையை வைத்துக் கடலை அளக்கக் கூடாது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. அந்தக் காற்றே மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து வரண்ட காற்றாகிவிடுகிறது. கிழக்குக் கரை மக்கள் அதைக் கச்சான் என்பார்கள். ஆகவே நீங்கள் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் ஜூலையில் நிலாவெளிக் கடல் குளம்போல் கிடக்கும். மழை பெய்கிறதே, எப்படிக் கடலுக்குப் போவது என்று ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையை வீணாக்கும் குடும்பங்கள் பல. கிழக்குக் கடலுக்கு அதுதான் சரியான காலம்.

டிசம்பரில் நிலைமை தலைகீழாகிறது. வடகீழ்ப் பருவமழை கிழக்குக் கரையை நனைக்கும். திருகோணமலைக் கடல் பொங்கும். அந்த விடுமுறைக்குத் தெற்குக் கரைதான் பொருத்தம். ஏப்ரலில் இரு பக்கமும் போகலாம், ஆனால் பிற்பகலில் இடிமழை வரும், புத்தாண்டை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும், தங்குமிட வாடகையும் ஏறியிருக்கும்.

நாளைக் குறிப்பதற்கு முன் நாட்காட்டியில் மூன்று விடயங்களைப் பாருங்கள். கண்டி எசல பெரஹரா நாட்களில் கண்டி நகருக்குள் வீதிகள் மூடப்படும். மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் தேர் வீதிக்கு வருவதால் நகரத்தைக் கடப்பதே அரை நாள் வேலையாகிவிடும். தேரைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த நாளிலேயே போங்கள், பொலன்னறுவையை மறந்துவிடுங்கள். போயா நாளில் விகாரைகளும் தொல்லியல் இடங்களும் நிரம்பி வழியும்.

படி 2: எந்தப் பக்கத்தவர் எந்த வழி

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் போவதானால் எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குங்கள். வெல்லவாயவுக்குத் தெற்கே சில கிலோமீற்றரில் புதுருவகல. ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் சுமார் 15 மீற்றர் உயரம். மகாயான பௌத்தம் இங்கே வேரூன்றியிருந்த காலத்தின் சாட்சி அது. போதிசத்துவர் அவலோகிதேசுவரரையும் தாரா தேவியையும் பாறையிலேயே காணலாம். அங்கிருந்து திஸ்ஸமஹாராம, கிரிந்த, தங்காலை. கிரிந்தக் கடல் பார்ப்பதற்கு, குளிப்பதற்கு அல்ல. கதிர்காம உற்சவ காலத்தில் மட்டும் இந்தப் பாதையில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

சிறு பிள்ளைகளோடு கடல் மட்டுமே போதும் என்பவர்களுக்குப் பதுளை, பிபிலை, செங்கலடி வழியாகப் பாசிக்குடா. கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவு நீர்தான். பழைமைக்கு மட்டக்களப்புக் கோட்டை இருக்கிறது: போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் கைக்குப் போனது.

இனி வருவதெல்லாம் பொலன்னறுவை – திருகோணமலை வழிக்கு.

படி 3: வாகனம்

முதல் கேள்வி, நீங்களே ஓட்டுவதா, சாரதியோடு எடுப்பதா என்பது. ஐந்து பேருக்கு மேல் போனால் சாரதியோடு வேன் எடுப்பதே நல்லது. நான்கைந்து பேர், அதில் மலைப்பாதை பழகிய இருவர் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் கார் எடுக்கலாம். ஒருவர் மட்டும் ஓட்டத் தெரிந்து, அவரும் இரவு வேலை முடித்துவிட்டு வருகிறவர் என்றால் எடுக்கவே வேண்டாம். சாரதியோடு எடுத்தால் அவருடைய சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். படுக்கை கிடைக்காத சாரதி ஸ்டியரிங்கில் தூங்குவார். இந்தச் செலவில் கையை இறுக்காதீர்கள்.

வாடகைக்குக் கொடுப்பவர்கள் பொதுவாகத் தேசிய அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், முகவரியை உறுதிசெய்ய மின்சார அல்லது தண்ணீர்ப் பட்டியல், ஒரு தொகை வைப்புப் பணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். லயத்து முகவரியில் உங்கள் பெயரில் பட்டியல் இல்லாவிட்டால் கிராம சேவகர் சான்றிதழ் ஏற்பார்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். நகரத்துக்குப் போய் நின்ற பிறகு கேட்டால் ஒரு நாள் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஓட்டப்போகிறார் என்றால், அங்குள்ள அனுமதிப்பத்திரத்தை இங்கே அங்கீகரிக்கச் செய்த பிறகே அவர் கையில் சாவியைக் கொடுங்கள்.

நீங்களும் அவர்களிடம் கேட்க வேண்டியவை உண்டு. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி அட்டை மூன்றும் திகதி முடியாமல் வண்டிக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்தக் காப்புறுதி வாடகைக்கு ஓடுவதை அனுமதிக்கிறதா என்பது. தெரிந்தவரின் சொந்தக் காரைக் குறைந்த பணத்துக்கு எடுக்கும்போது பலர் இதைக் கேட்பதில்லை. தனிப்பட்ட பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு ஓடும்போது நேரும் விபத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம். ஓட்டப்போகும் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பிறகு வண்டியைப் பாருங்கள். நம் பயணத்தில் உயிர் தங்கியிருப்பது பிரேக்கிலும் டயரிலும். நான்கு டயரின் பல்லையும் விரலால் தடவிப் பாருங்கள், ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் சக்கரத் திறப்பானும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். வைப்பர், ஹோர்ன், பனிமூட்ட விளக்கு, எல்லா இருக்கைப் பட்டிகள். வண்டியைச் சுற்றி ஒரு காணொளி எடுங்கள். ஒவ்வொரு கீறலும், எரிபொருள் முள்ளும், ஓடிய கிலோமீற்றரும் அதில் தெரிய வேண்டும். அதைக் கொடுப்பவர் முன்னிலையிலேயே எடுத்து, அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள்.

வண்டியின் அளவு பற்றி ஒரு சொல். சிறிய எஞ்சின் கார் மலையிலிருந்து இறங்கும்போது குறை தெரியாது. திரும்பி வருகையில் ஐந்து பேரும் பைகளும் ஏசியுமாக றம்பொடை ஏற்றத்தில்தான் அது மூச்சு வாங்கும். தாழ்வான கலப்பின எஞ்சின் கார்கள் தோட்டப் பாதைக் கற்களில் அடிவயிற்றை உரசும். அதற்கான பணம் உங்கள் வைப்பிலிருந்துதான் போகும். தோட்டத்துக்குள் கொண்டுபோகாமல் நகரத்தில் உறவினர் வீட்டில் நிறுத்தி, பைகளை முச்சக்கரவண்டியில் இறக்குவது மேல்.

படி 4: கிலோமீற்றர் கணக்கு

வாடகைக் கட்டணம் நாள் கணக்கில் சொல்லப்பட்டாலும் அதற்குள் கிலோமீற்றர் எல்லை ஒன்று ஒளிந்திருக்கும். நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் என்பது வழக்கமாகக் கேட்கும் எல்லை. நுவரெலியாவிலிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்டிக்குச் சுமார் 77, அங்கிருந்து தம்புள்ளைக்கு 72, ஹபரணைக்கு 23, பொலன்னறுவைக்கு 45. ஆக முதல் நாள் மட்டும் ஏறத்தாழ 217. பொலன்னறுவையிலிருந்து ஹபரணைக்குத் திரும்பித் திருகோணமலை போக 130. திருகோணமலையைச் சுற்றி ஓட 80 வைத்துக்கொள்ளுங்கள். நேரே வீடு திரும்ப 256. மொத்தம் 683 கிலோமீற்றர். நான்கு நாளுக்கு 400தான் எல்லை என்றால் 283 கிலோமீற்றருக்கு மேலதிகக் கட்டணம் வரும். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகே இரண்டு இடங்களின் விலைகளை ஒப்பிடுங்கள். நாள் வாடகை குறைவாகத் தெரியும் இடம் இந்தக் கணக்கில் பல வேளை கூடுதலாகிவிடும்.

எரிபொருளுக்கு லீற்றருக்குப் 15 கிலோமீற்றர் என்று வைத்தால் 46 லீற்றர் அளவில் வரும். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மலையில் ஏசி தேவையில்லை, ஆனால் மாத்தளையைத் தாண்டிய பிறகு அது இல்லாமல் முடியாது. அதற்குக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

தொல்லியல் இடங்களில் நம் நாட்டவருக்கான கட்டணத்துக்கும் வெளிநாட்டவருக்கானதற்கும் பெரும் வித்தியாசம் உண்டு, வெளிநாட்டவருக்கு டொலரில். எல்லோரும் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கனடாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்த உறவினர் கூட வந்தால் அவருக்கான கட்டணத்தைத் தனியாக ஒதுக்குங்கள், வாசலில் நின்று முகம் சுருங்க வேண்டாம். நாள் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால், நான்கு நாள் பெயர் விழாமல் கூலி போவதும் பயணச் செலவுதான். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

படி 5: மலையிறக்கம்

முதல் நாள் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். நள்ளிரவில் கிளம்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் மிக அழுத்திச் சொல்வது. 2025 மே மாதம் றம்பொடை கெரண்டி எல்லவில் விடிவதற்கு முன் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த வளைவுகளைத் தினமும் பார்க்கும் நமக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாரதி இரவு முழுக்கத் தூங்கியிருக்க வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடியை இழக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். ஒட்டோ கியர் என்றால் எல் அல்லது 2. கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுங்கள். மழை தொடர்ந்து பெய்த வாரம் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முந்திய இரவே பாருங்கள். உங்கள் வழியில் உள்ள பிரதேசங்களுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் பால் தேநீர் கொடுக்காதீர்கள். ரொட்டியும் சம்பலும் கட்டி எடுத்து, வளைவுகள் முடிந்தபின் கம்பளையில் நிறுத்திச் சாப்பிடுங்கள். கம்பளையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். 1820களில் இந்தக் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில்தான் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். நம் முன்னோரின் மலையக வரலாறு அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. பேராதனையிலிருந்து கண்டி நகருக்குள் போகாமல் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விடுங்கள். காலை ஏழு முதல் எட்டு வரை பாடசாலை நேரம், அதற்குள் மாட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியை வெறும் வீதியாகக் கடந்துவிடாதீர்கள். தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கிய நம் முன்னோர் காட்டுவழியே நடந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகத்தான் மலைக்கு வந்தார்கள். வழியில் விழுந்து இறந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. 2023இல் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அவர்கள் ஏறிவந்த பாதையில் நீங்கள் ஏசி காரில் எதிர்த் திசையில் இறங்குகிறீர்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் பிரதான வீதியை விட்டுச் சற்று உள்ளே நாலந்த கெடிகே. பார்க்க நம் கோயில் போலவே இருக்கும், ஆனால் பௌத்தக் கட்டிடம். பல்லவர் பாணியில் கல்லாலேயே எழுப்பியது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்பதால் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். கூட்டமே இருக்காது. அரை மணி நேரம் போதும். இரண்டு மதங்களின் கட்டடக் கலை ஒரே சுவரில் கைகோத்திருப்பதைப் பார்த்த பிறகு பொலன்னறுவை எளிதாகப் புரியும்.

சீகிரியாவைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்பதே என் முடிவு. ஏறத்தாழ 1,200 படிகள், நடுப்பகல் வெயில், அதற்குப் பிறகு மேலும் நீண்ட தூர ஓட்டம். வயதானவர்கள் கீழேயே உட்கார்ந்திருப்பார்கள், ஏறியவர்கள் மறுநாள் காலைப் பிடித்துக்கொண்டு பொலன்னறுவையில் நடக்க மாட்டார்கள். அதற்குத் தனியே ஒரு முறை வாருங்கள்.

ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் நடுவே காட்டு யானைகள் உலவும் மின்னேரியா. மாலை ஆறுக்கு முன் இந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள்.

படி 6: பொலன்னறுவையில் ஒரு காலை

இங்கே அவசரப்படாதீர்கள். இரவு நன்றாகத் தூங்கி, காலையில் வாசல் திறந்ததும் உள்ளே இருங்கள். பத்தரை மணிக்குமேல் கல் சுடும். பாதணி கழற்ற வேண்டிய இடங்கள் பல. தடித்த காலுறை ஒரு சோடி ஒவ்வொருவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இங்கே பெரும் அவமதிப்பு; பழைய கட்டிடங்கள் மீது ஏறி நிற்பது சட்டப்படி குற்றம். இரண்டையும் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே இளைஞர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

குளக்கரைக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். இங்குள்ள சிவாலயங்களில் கிடைத்த வெண்கலத் திருமேனிகளில் சில இங்கேயும் சில கொழும்பு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. வரைபடத்தை இங்கேயே பார்த்து மனதில் வாங்கிக்கொண்டால் வெளியே அலைய வேண்டாம். அதன்பின் அரண்மனை, மந்திராலோசனை மண்டபம். இவற்றை விரைவாகக் கடக்கலாம்.

நகரத்தின் கதையை வண்டியிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். சோழர் அநுராதபுரத்தை வீழ்த்திய பிறகு தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, ராஜராஜனின் பட்டப்பெயரால் ஜனநாதமங்கலம் என்று அழைத்தார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களிடமிருந்து நகரத்தைக் கைப்பற்றினார். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுதான் பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளத்தைத் தந்தவர். நிசங்கமல்லன் அவருக்குப் பின்னால் வந்தவர்.

நாற்கோண முற்றத்தில் வட்ட வடிவக் கோயிலான வட்டதாகேயின் முன் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அருகே நிசங்கமல்லனின் கல்பொத்த (கல் புத்தகம்) கிடக்கிறது. இருபத்தைந்து டன் எடை சொல்லப்படும் ஒற்றைக் கல், மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாக அதிலேயே வெட்டியிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு, பெரும்பாலோர் கவனிக்காமல் போகும் வேளைக்காரர் கல்வெட்டைத் தேடுங்கள். நிமிர்ந்து நிற்கும் பலகைக்கல். எழுத்து தமிழ். புத்தரின் புனித தந்ததாது இருந்த கோயிலைப் பாதுகாப்போம் என்று வேளைக்காரப் படையினர் கொடுத்த உறுதிமொழி அது. சோழர் ஆட்சி போன பிறகும் தமிழ்ப் படைவீரர்கள் இங்கே இருந்தார்கள், சிங்கள மன்னனின் நகரத்தில் பௌத்தத்தின் உச்சச் சின்னத்துக்குக் காவல் நின்றார்கள், அதைத் தமிழிலேயே எழுதினார்கள். யார் யாருக்கு எதிரி என்று ஒரே கோட்டில் பிரித்துச் சொல்லும் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கல் முன்னால் பத்து நிமிடம் கொடுங்கள்.

அதற்கு வடக்கே, பபளு விகாரைக்குப் பக்கத்தில் இரண்டாம் சிவாலயம். கல்லாலேயே கட்டிய சிறிய சோழர் கோயில். சோழ அரசி ஒருவரின் பெயரால் வானவன் மாதேவி ஈஸ்வரம் என்று கல்வெட்டு சொல்கிறது. கருவறையில் லிங்கம் இருக்கிறது; வருகிறவர்கள் பூ வைத்து வணங்குகிறார்கள். சுவரில் எழுத்து ஓடுகிறது. அதை வாசிக்கச் சில யோசனைகள்: வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் எழுத்தின் பள்ளம் தெரியும். கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஆகவே க என்று காண்பது க் ஆகவும் இருக்கலாம். முழுச் சொல்லைப் பிடிக்க முயலாமல் முதலில் க, ட, ப, ம போன்ற எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். ஒன்று கிடைத்ததும் பிள்ளைகள் விடமாட்டார்கள். சுண்ணக்கட்டி பூசுவது, தண்ணீர் தெளிப்பது, விரலால் தேய்ப்பது எதுவும் கூடாது. பக்கவாட்டில் நின்று படம் எடுத்து, இரவு தங்குமிடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்.

பிறகு கல் விகாரை. சாய்ந்திருக்கும் புத்தர் சுமார் 14 மீற்றர் நீளம், நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீற்றர். தலையணையில் தலை அழுந்திய பள்ளத்தைப் பாருங்கள். கல்லில் அந்த மென்மையை வரவழைத்த கைக்குப் பெயர் எழுதிவைக்கப்படவில்லை. நேரமும் காலில் வலுவும் இருந்தால் லங்காதிலகவையும் வடகோடியில் சுவரோவியங்கள் உள்ள திவங்க சிலைமனையையும் பாருங்கள். இல்லாவிட்டால் பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

படி 7: யானைப் பாதை

ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாகத் திருகோணமலை. நேரான, நல்ல வீதி. அதனாலேயே வேகம் ஏறும். கார்களுக்குக் குடியிருப்புப் பகுதிக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் எல்லை. பொலிஸார் நிழலில்தான் நிற்பார்கள்.

யானை வீதியில் நின்றால் வெகுதூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், விளக்கை மின்னாதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். வீதியோரத்தில் வாழைப்பழத்துக்குப் பழகிய யானைகளும் உண்டு. ஒருவர் பாசத்தோடு கொடுக்கும் பழம் அடுத்து வரும் வண்டியின் கண்ணாடியை உடைக்கும். இந்தக் காட்டு வீதியை மாலை ஆறு முதல் காலை ஆறு வரை தவிர்க்கும்படி உங்கள் நேரத்தை அமையுங்கள். கந்தளாய்ப் பக்கம் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கலாம். திரும்பும்போது வாங்குங்கள், அதுவும் மலைக்கு ஏறும் நாளிலேயே சாப்பிட்டுவிடும் அளவுக்கு.

படி 8: திருகோணமலை

இங்கே நம் குடும்பங்களில் எழும் உண்மையான சிக்கல் மச்சச் சாப்பாடு. கடலுக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் இருக்க முடியாது. மீன் சாப்பிட்டுவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போக அம்மாவும் பாட்டியும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே இரண்டாம் நாள் முழுக்க மரக்கறி. நான்கு மணி அளவில் வந்து சேர்ந்து, குளித்து, மாலைப் பூசைக்கு கோயிலுக்குப் போய்விடுங்கள். மூன்றாம் நாள் மீனுக்கு.

கோயிலுக்குப் போகும் வழி பிரெட்றிக் கோட்டைக்குள்ளால். வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் வரிகளும் இருக்கும். காரில் உட்கார்ந்தபடி தாண்டினால் தெரியாது, இறங்கி நடங்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டும் கோட்டை கட்டினார்கள். 1950இல் நகரசபை கிணறு தோண்டியபோது புதைத்துவைத்த திருமேனிகள் வெளிவந்தன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. உள்ளே மான்கள் உலவும், பிள்ளைகள் பிளாஸ்டிக் பை கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாறையின் விளிம்பில் இராவணன் வெட்டு எனப்படும் பிளவு. அங்கே தடுப்புக்கு வெளியே யாரும் போக வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை கடலுக்கு. உப்புவெளியும் நிலாவெளியும் இந்தக் காலத்தில் அமைதியானவை. ஆனாலும் மலையில் வளர்ந்தவர்கள் கடலை ஓடையைப்போல எண்ணி இறங்கிவிடுகிறோம். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்குமேல் போகக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் கரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். மது அருந்தியவர் நீரில் இறங்கக் கூடாது. இழுவை நீரில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நகர வேண்டும். நம் குளிர்ப்பழக்கத் தோலுக்கு ஒன்பது மணி வெயிலே அதிகம். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. நிலாவெளியிலிருந்து படகில் போகலாம். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள், பவளப் பாறையில் கால் வைக்காதீர்கள். நீந்தத் தெரியாத குடும்பத்துக்கு இது கட்டாயமில்லை.

மதியம் மீன்சோறு, ஒரு தூக்கம். மூன்று மணிக்கு அநுராதபுர வீதியில் கிளம்பினால் முதலில் கன்னியா. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெந்நீரின் சூடு சற்று வேறு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் தோற்றுவித்தது என்பது ஐதீகம். இன்றும் அந்தியேட்டிக்கு வருகிறார்கள், ஆகவே குளிக்கும் கூச்சலைக் குறைத்துக்கொள்வது மரியாதை.

அதே பக்கத்தில் பெரியகுளத்தை நோக்கிப் போனால் வெல்கம் விகாரை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஊர்த்தமிழர் நாதனார் கோயில் என்று அழைத்த இந்தப் பௌத்த விகாரைக்குச் சோழர் காலத்தில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் சூட்டினார்கள். விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பௌத்தர்கள் இங்கே வழிபட்டார்கள். சைவச் சோழர் அந்த விகாரையை இடிக்கவில்லை, பேணினார்கள். தூபியின் அடித்தளம், நிற்கும் புத்தர், தூண்கள், சுற்றிலும் காடு. வழிபாட்டில் இருக்கும் இடம், ஆகவே விகாரைக்குரிய ஒழுங்கோடு போங்கள். கல்வெட்டு எங்கே என்று அங்குள்ளவர்களிடம் சிங்களத்தில் பணிவாகக் கேளுங்கள், காட்டுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

படி 9: திரும்பலும் ஒப்படைப்பும்

நான்காம் நாள் காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். அதற்கு முன் கிளம்பினால் யானை, மிகவும் பிந்தினால் றம்பொடைப் பனிமூட்டம். மதியத்துக்குள் கட்டுகஸ்தோட்டை, மூன்று மணிக்குள் றம்பொடை என்று இலக்கு வையுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டு முள் மேலே போனால் ஏசியை நிறுத்துங்கள். எப்படியும் அங்கே காற்றே குளிர்ந்திருக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

வண்டியை ஒப்படைக்கும் முன் மணலைத் தட்டி, கழுவி, எடுத்தபோது இருந்த அளவுக்கு எரிபொருள் நிரப்புங்கள். உப்புக் காற்றில் நின்ற வண்டிக்கு அடிப்பாகத்தையும் கழுவுவது நல்லது. வழியில் தண்டப்பணச் சீட்டு எழுதியிருந்தால் அதைத் தபால் நிலையத்தில் செலுத்தி, பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். எடுத்தபோது எடுத்த காணொளியைத் திறந்து வைத்துக்கொண்டு, கொடுத்தவரோடு சேர்ந்தே வண்டியைச் சுற்றி வாருங்கள். கிலோமீற்றரைக் குறித்து, மேலதிகக் கட்டணத்தைக் கணக்கிட்டு, வைப்புப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.